செப்டம்பர் 17க்கும் 1952க்கும் இடையே காணாமற்போனவர்

ஐதராபாத்திலிருந்து பட்டான்செருவைக் கடந்து, சங்காரெட்டி, ஜகீராபாத் வழியாகச் சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1948 செப்டம்பரில் மேஜர் ஜெனரல் ஜே.என். சௌதுரியின் படை சோலாப்பூர்த் திசையிலிருந்து ஐதராபாத்தை நோக்கி முன்னேறியது. 17ஆம் நாள் நிஜாம் பணிந்தார். மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இதே சாலையில் சங்காரெட்டி வரை சென்று வடக்கே திரும்பினால் ஜோகிபேட்டை. நிஜாம் சமஸ்தான ஆந்திர மகாசபையின் முதல் மாநாடு 1930இல் சுரவரம் பிரதாப ரெட்டியின் தலைமையில் அங்கேதான் கூடியது. பொதுக்கூட்டம் நடத்துவதற்கே முன்அனுமதி வேண்டியிருந்த ஓர் அரசில், பள்ளிக்கூடமும் நூலகமும் தாய்மொழியும் கேட்டுக் கூடிய கூட்டம் அது. படை வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே இந்நிலத்தில் மக்கள் பிரதிநிதித்துவம் என்னும் கருத்து வேர்விடத் தொடங்கிவிட்டது.

ஆயினும் ஒவ்வொரு செப்டம்பரிலும் எழும் சச்சரவு முதல் வரலாற்றை மட்டுமே சுற்றிவருகிறது. ஒன்றிய அரசு 2022 முதல் அந்நாளை ‘ஐதராபாத் விடுதலை நாள்’ என்று கொண்டாடி, 2024இல் முறைப்படி அறிவிக்கையும் வெளியிட்டது. அன்றைய மாநில அரசு 2022இல் ‘தேசிய ஒருமைப்பாட்டு’ விழா எடுத்தது. 2024இல் அடுத்து வந்த ஆட்சி அதையே ‘மக்களாட்சி நாள்’ என்ற பொருளில் ‘பிரஜா பாலன தினோத்சவம்’ ஆக்கியது. பெயர்கள் மூன்றானாலும் அடியில் உள்ள அனுமானம் ஒன்றே: 1948 செப்டம்பர் 17க்கு முன் முடியாட்சி, அதன் பின் மக்களாட்சி.

இந்த அனுமானம் பிழையானது. இது பிழை என்பதை அறிந்த பல்கலைக்கழகங்களும் இதைத் திருத்த முன்வராமல் இருப்பது அதைவிடப் பெரிய பிழை.

நாட்காட்டியைப் பார்த்தாலே போதும். சரணடைவுக்குப் பின் ஐதராபாத்தை ஆண்டவர் இராணுவ ஆளுநர். அந்த ஆட்சி 1949 இறுதிவரை நீடித்தது. 1950 ஜனவரி 26 முதல் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்த எம்.கே. வெல்லோடி எந்த வாக்காளரும் தேர்ந்தெடுக்காத ஐ.சி.எஸ். அதிகாரி. தேர்தலில் வென்று வந்த முதல் முதலமைச்சரான பூர்குல ராமகிருஷ்ண ராவ் பதவியேற்றது 1952 மார்ச்சில். எந்த மன்னரிடமிருந்து ‘விடுதலை’ கிடைத்ததாகச் சொல்லப்படுகிறதோ, அந்த மீர் உஸ்மான் அலி கான் 1950 முதல் 1956 அக்டோபர் இறுதிவரை இந்தியக் குடியரசின் கீழ் ராஜப்பிரமுகராக வீற்றிருந்தார். செப்டம்பர் 17இல் முடிந்தது நிஜாமின் தனியரசு. மக்களாட்சி தொடங்குவதற்கு மேலும் மூன்றரை ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த மூன்றரை ஆண்டுகளில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு மூன்று பெயர்களில் எதிலும் விடையில்லை.

இரண்டு பெருந்துயரங்கள் நடந்தன. முதலாவது, இராணுவ நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் மராத்வாடா மற்றும் கன்னட மாவட்டங்களில் முஸ்லிம்கள் மீது நிகழ்ந்த படுகொலை. இந்திய அரசே அனுப்பிய சுந்தர்லால் குழு, இறந்தோர் எண்ணிக்கையை 27,000 முதல் 40,000 வரை என்று மதிப்பிட்டது. அவ்வறிக்கை பொதுப் பார்வைக்கு வந்தது 2013இல்தான். இரண்டாவது, நல்கொண்டா, வாரங்கல் பகுதிகளில் தேசமுகர்களையும் ரஜாக்கர்களையும் எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது திரும்பிய அதே படை. இந்தப் போர் மூன்றாண்டுகள் நீடித்தது. சுமார் 4,000 கம்யூனிஸ்டுகளும் விவசாயப் போராளிகளும் கொல்லப்பட்டனர் என்பது பி. சுந்தரய்யா தரும் கணக்கு.

இரண்டாவது துயரத்தின் நடுவில்தான் இந்த நிலைமாற்றத்தின் மிக முக்கியமான மனிதர் நிற்கிறார். அவர் பெயர் ரவி நாராயண ரெட்டி.

1908இல் நல்கொண்டா மாவட்டத்து நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஹரிஜன சேவையில் பொதுவாழ்வைத் தொடங்கி, 1938இல் தடைசெய்யப்பட்ட ஐதராபாத் அரசு காங்கிரசின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, அதன் பின் கம்யூனிஸ்டு ஆனவர். 1941இல் சில்கூரிலும் 1944இல் போங்கீரிலும் ஆந்திர மகாசபைக்குத் தலைமையேற்றார். போங்கீர் மாநாட்டில் உறுப்பினர் கட்டணம் நான்கு அணாவாகக் குறைந்தது. வக்கீல்களும் ஆசிரியர்களும் கூடிக் கலைந்த சபைக்குள் குத்தகை விவசாயியும் வெட்டி உழைப்பாளியும் நுழைந்தனர், மிதவாதிகள் வெளியேறினர். ‘வெட்டி’ என்ற சொல் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்த அதே சொல் தெலங்கானாவில் 1940களிலும் அதே பொருளில் உயிரோடிருந்தது. தேசமுகரின் வீட்டுக்கு வண்ணார் துணி வெளுக்க வேண்டும், குயவர் பானை தர வேண்டும், பிறர் நிலத்தில் உழ வேண்டும். எதற்கும் கூலி கிடையாது. நான்கு அணாச் சீட்டு அம்மனிதர்களை உறுப்பினராக்கியது. வாக்குரிமை வருவதற்கு முன் அவர்கள் பெற்ற முதல் அரசியல் தகுதி அதுவே.

1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் விசுனூர் தேசமுகரின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்தார். போராட்டம் திசைமாறியது. 1947 செப்டம்பர் 11 அன்று ரவி நாராயண ரெட்டியும் பத்தம் எல்லா ரெட்டியும் கவிஞர் மக்தூம் மொகியுத்தீனும் ஆயுதமேந்த அழைப்பு விடுத்தனர். ஏறத்தாழ 3,000 கிராமங்களில் தேசமுகர் ஆட்சி சரிந்தது. பத்து லட்சம் ஏக்கர் நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது என்கின்றன கட்சி வரலாறுகள்.

வீர வரலாறு இதுவரை சொல்லித் தயங்கி நிற்கும். இதற்குப் பின் ரவி நாராயண ரெட்டி செய்தது வீரக்கதைக்குப் பொருந்தாத காரியம்.

இந்திய இராணுவம் நுழைந்த பின் ஆயுதப் போராட்டத்தைத் தொடரக்கூடாது என்று அவர் தம் கட்சிக்கே சொன்னார். அது சொல்லத்தக்க காலமன்று. 1948 தொடக்கத்தில் கல்கத்தாவில் கூடிய கட்சி மாநாடு பி.சி. ஜோஷியை நீக்கி பி.டி. ரணதிவேயைப் பொதுச்செயலாளர் ஆக்கியிருந்தது. இந்திய விடுதலையே போலி, கிளர்ச்சி ஒன்றே வழி என்பது அப்போதைய கோட்பாடு. எதிர்த்துப் பேசுவோர்க்குச் சீர்திருத்தவாதி என்றும் துரோகி என்றும் பட்டங்கள் காத்திருந்தன. அந்தச் சூழலில் ஆயுதத்துக்கு அழைப்பு விடுத்த மூவரில் ஒருவர், அதைக் கீழே வைக்கச் சொன்னார்.

அவர் வாதம் எளியது. நிஜாமையும் ரஜாக்கர்களையும் எதிர்த்தபோது ஊர் முழுவதும் பின்னால் நின்றது. இந்திய இராணுவத்தை அதே ஊர் வரவேற்றது. நடுத்தர விவசாயியும் வசதியான விவசாயியும் விலகத் தொடங்கினர். மக்கள் தம் அரசு என்று நம்பத் தொடங்கிய ஒன்றை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தினால் எஞ்சுவது காடும் தனிமையும்தான். 1951 அக்டோபர் 21 அன்று கட்சி போராட்டத்தை முறைப்படி விலக்கிக்கொண்டபோது, ஏறத்தாழ அந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. இடையில் ஆந்திரத் தலைமையின் மாவோ வழி, அஜய் கோஷ், டாங்கே, ராஜேஸ்வர ராவ், பசவபுன்னய்யா ஆகியோரின் மாஸ்கோ பயணம், ஸ்டாலினுடன் சந்திப்பு எல்லாம் நடந்தேறின. நல்கொண்டாவின் மனிதர் நல்கொண்டாவைப் பார்த்துச் சொன்னதை ஏற்பதற்குக் கட்சி மாஸ்கோ வரை போய்வர வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்களின் கணக்கு எந்தத் தீர்மானத்திலும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துவைக்க வேண்டும். போராளிகள் காட்டில் இருக்கும்போது தலைவர் ஒருவர் வெளிப்படையாக முரண்படுவது அவர்களின் முதுகெலும்பை முறிக்கும் என்றது சுந்தரய்யாவின் தரப்பு. அதைவிடக் கனமான வாதம் நிலத்தைப் பற்றியது. துப்பாக்கி இறங்கிய மறுநாள் தேசமுகர் திரும்பி வருவார், விவசாயியின் கைக்கு வந்த நிலம் பறிபோகும் என்றார்கள். இதில் அவர்கள் பிழைபடவில்லை. 1949இல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. 1950இல் குத்தகைச் சட்டம் வந்தது. ஆனால் பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரர்கள் எனப் பதிவானவர்களில் பெரும் பகுதியினர் சில ஆண்டுகளுக்குள் சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டதையும், ‘தாமாகவே விட்டுக்கொடுத்ததாக’ எழுதி வாங்கப்பட்டதையும் பொருளியலறிஞர் ஏ.எம். குஸ்ரோவின் ஆய்வு 1950களிலேயே பதிவுசெய்தது. மக்களைப் பற்றிய கணிப்பில் ரவி நாராயண ரெட்டி சரி. நிலத்தைப் பற்றிய அச்சத்தில் சுந்தரய்யா சரி. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏந்த மறுப்பதாலேயே ஒரு தரப்பின் வரலாறு தியாகப் பட்டியலாகவும் மறுதரப்பின் வரலாறு புகழுரையாகவும் சுருங்கிவிட்டது.

இனி 1952. கட்சி ஐதராபாத் அரசில் அப்போதும் தடைசெய்யப்பட்டிருந்தது. அதனால் அதன் வேட்பாளர்கள் மக்கள் ஜனநாயக முன்னணி என்ற பெயரில் நின்றனர். 175 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரஸ் 93 இடங்களையும் முன்னணி 42 இடங்களையும் பெற்றன. மக்களவைக்கு முன்னணியினர் எழுவர் சென்றனர். போராட்டத்தில் துப்பாக்கி ஏந்திய ஆருட்ல கமலா தேவி ஆலேர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கு வந்தார். வி.டி. தேஷ்பாண்டே எதிர்க்கட்சித் தலைவரானார். நல்கொண்டாவில் ரவி நாராயண ரெட்டி 3,09,162 வாக்குகள் பெற்றார்.

புகழுரைகளில் இவ்விடத்தில் ஒரு வரி தவறாமல் வரும்: ‘நேருவைவிட அதிக வாக்குகள்’. நேரு அத்தேர்தலில் பெற்றவை 2,33,571. எண்கள் சரி, ஒப்பீடு வெறுமையானது. இரண்டுமே இரட்டை உறுப்பினர் தொகுதிகள்; ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள்; தொகுதிகளின் அளவும் போட்டியின் தன்மையும் வேறு. இந்த வியப்புச் செய்தியில் மயங்குவோர் அதே நல்கொண்டாவிலிருந்து அதே முன்னணியின் சார்பில் தாழ்த்தப்பட்டோருக்கான இடத்தில் வென்று மக்களவைக்குச் சென்ற சுகம் அச்சாலுவின் பெயரைச் சொல்வதில்லை. நிலவுடைமைக் குடும்பத்துத் தலைவர் நேருவை விஞ்சியது சாதனை ஏட்டில் ஏறியது. வெட்டி உழைப்பு நிலவிய மாவட்டத்தில் ஒரு தலித் வேட்பாளர் பொது வாக்காளர்களின் வாக்கால் வென்றது அடிக்குறிப்பிலும் இடம்பெறவில்லை. சனநாயக நிலைமாற்றம் என்ற சொல்லுக்குப் பொருள் தேடுவோர் நின்று பார்க்க வேண்டிய இடம் இரண்டாவது வெற்றிதான்.

இதே நல்கொண்டாவைப் பற்றி நாடறிந்த இன்னொரு கதையும் உண்டு. 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவேக்கு நூறு ஏக்கர் கொடையாகக் கிடைத்தது; பூதான இயக்கம் பிறந்தது. வன்முறை தோற்று மனமாற்றம் வென்ற கதையாக அது பாடநூல்களில் இருக்கிறது. சில மாதங்கள் கழித்து அதே மாவட்டத்து மக்கள் வாக்குச்சாவடிக்குச் சென்று நிலம் கேட்டுப் போராடியவர்களையே தேர்ந்தெடுத்தனர் என்பது அப்பாடத்தின் அடுத்த பக்கத்தில் இல்லை. கொடையைப் பெற்றுக்கொண்டவர்கள் உரிமைக் கோரிக்கையை விட்டுவிடவில்லை என்று வாக்குகள் சொல்கின்றன.

ஆய்வுலகின் குற்றம் இங்கே தொடங்குகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஒப்பியல் அரசியல் வகுப்புகளில் ‘சனநாயக நிலைமாற்றம்’ என்ற தலைப்பு பொதுவாக லிஸ்பனில் தொடங்கும். ஹண்டிங்டன் தம் மூன்றாம் அலையை 1974 ஏப்ரல் 25 போர்ச்சுகலிலிருந்து எண்ணியதால், மாணவரும் அங்கிருந்தே எண்ணுவர். ஓ’டானல், ஷ்மிட்டர் இருவரின் ஒப்பந்தக் கோட்பாடு வரும். பின் 1977 ஏப்ரலில் சட்டபூர்வமாக்கப்பட்ட ஸ்பானியக் கம்யூனிஸ்டுக் கட்சியும், முடியாட்சியையும் அதன் கொடியையும் ஏற்ற அதன் தலைவர் சாந்தியாகோ கரியோவும். பின் 1989இன் வார்சா வட்டமேசையும் ஜெனரல் யாருசெல்ஸ்கியும். கம்யூனிஸ்டு அரசியல்வாதி ஒருவர் மக்களாட்சிக்கு வழிவிட்ட வரலாற்றை அறிய ஐதராபாத்தின் மாணவர் மாட்ரிட்டுக்கும் வார்சாவுக்கும் அனுப்பப்படுகிறார். நல்கொண்டா பேருந்தில் போகும் தொலைவில்தான் இருக்கிறது.

ஒப்பீடு பயனற்றது என்பதன்று. அது உரிய முறையில் செய்யப்பட்டால் கோட்பாட்டையே அசைக்கும். யாருசெல்ஸ்கி அதிகாரத்தில் இருந்தவர். அவர் விட்டுக்கொடுத்தது தம் கையில் இருந்ததை. கரியோ தேர்தலுக்கு முன்பே தம் கட்சிக்குச் சட்ட அங்கீகாரம் பெற்றார். இரு இடங்களிலும் மறுதரப்பு ஏதோ ஒன்றைத் திருப்பித் தந்தது. தெலங்கானாவில் ஆயுதம் இறக்கியவர்கள் எழுத்துப்பூர்வமான எந்த உடன்பாட்டையும் பெறவில்லை. கட்சிக்குத் தடை நீங்கவில்லை, சிறைகள் உடனே திறக்கவில்லை, நிலத்துக்கு உத்தரவாதமில்லை. சிறப்புத் தீர்ப்பாயங்கள் விதித்த மரண தண்டனைகளை எதிர்த்த ஜனார்தன் ரெட்டி வழக்கு 1951இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பின்னரே தண்டனைகள் குறைக்கப்பட்டன. இத்தனைக்குப் பின்னும் அவர்கள் வேட்புமனு தாக்கல் செய்தனர். ஒப்பந்தமே இல்லாமல், தோற்ற தரப்பின் தன்னிச்சையான முடிவால் நிலைபெற்ற மக்களாட்சியை எந்தப் பெட்டியில் வைப்பது? மேற்கத்திய நிலைமாற்றக் கோட்பாட்டில் அதற்குப் பெட்டி இல்லை. இந்திய ஆய்வாளர்கள் செய்திருக்க வேண்டிய பங்களிப்பு அந்தப் பெட்டியைச் செய்வது. பதிலாக, ஆயத்தப் பெட்டிகளில் பொருந்தாத தம் ஊர் வரலாற்றைத் தெருவில் விட்டுவிட்டனர். அதைப் பொறுக்கியெடுத்தவர்கள் பதாகை எழுதுவோர்.

அன்றைய அரசுக்கும் உரியதைக் கொடுக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட கட்சியின் ஆட்கள் என்று தெரிந்தே அவர்களின் வேட்புமனுக்கள் வேறொரு பெயரில் ஏற்கப்பட்டன. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகளைச் சுட்டுக் கொன்ற அதே காலத்து அரசமைப்பு, இரண்டாண்டுகளில் அவர்களின் தோழர்களைச் சட்டமன்ற இருக்கைகளில் எதிர்கொண்டது. தமிழ்நாட்டிலும் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே மதுரையில் நின்று வென்றார். ஒடுக்குமுறையும் திறந்த கதவும் ஒரே அரசின் இரு கைகளாக இருந்தன. கதவு ஒன்று திறந்திருந்ததாலேயே ரவி நாராயண ரெட்டியின் வாதத்துக்குப் பொருள் இருந்தது. போவதற்கு இடமில்லாதவரிடம் ஆயுதத்தை இறக்கு என்பது சரணடை என்பதாகவே முடியும்.

இந்தக் கேள்வி பழங்கதையும் அன்று. 2004 அக்டோபரில் ஐதராபாத்திலேயே நக்சலைட்டுத் தலைவர்களும் ஆந்திர அரசும் மேசையில் அமர்ந்து, பயனின்றிப் பிரிந்தனர். அதற்குப் பின், 2026 மார்ச் இறுதிக்குள் மாவோயிசத்தை ஒழிப்பதாக ஒன்றிய அரசு கெடுவே வைத்தது. அக்கெடுவின் மொழியில் எண்ணிக்கை உண்டு, அரசியல் இல்லை. ஆயுதத்தைக் கீழே வைப்பவர் பழங்குடி மக்களின் நிலத்தையும் காட்டையும் பற்றி எந்த அவையில், எந்தப் பெயரில் பேசலாம் என்று எவரும் சொல்வதில்லை. மறுபுறம், 1951இல் கட்சியின் பெரும்பான்மையே கற்றுக்கொண்ட பாடத்தை, மக்கள் விலகிய பின் துப்பாக்கி மக்களுக்காகப் பேசுவதில்லை என்ற பாடத்தை, காட்டிலிருந்தோர் அரை நூற்றாண்டு காலம் ஏற்க மறுத்தனர். இரு தரப்புக்கும் நல்கொண்டா சங்கடமான சாட்சி. அதனாலேயே இரு தரப்புக்கும் அது வேண்டாததாயிற்று.

பட்டான்செருவின் தொழிற்பேட்டைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களில் பலருக்கு வாக்கு சொந்த ஊரில். உழைப்பும் உயிராபத்தும் இங்கே. 2025 ஜூன் 30 அன்று பாஷமைலாரத்தில் மருந்துப்பொருள் ஆலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் அத்தகையோர். இத்தொகுதியின் வேட்பாளர் யாரும் அவர்களிடம் வாக்குக் கேட்டு வர வேண்டியதில்லை. 1944இல் நான்கு அணாச் சீட்டு கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை: இந்த ஊரின் அரசியலில் யார் உறுப்பினர்?

ரவி நாராயண ரெட்டி 1991இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் வந்தது. சிலைகளுக்கும் மாலைகளுக்கும் குறைவில்லை. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி மறதியைவிட நுட்பமானது. விடுதலை நாள் கொண்டாடுவோர்க்கு அவர் கம்யூனிஸ்டு என்பதால் ஆகாது. ஒருமைப்பாடு பேசுவோர்க்கு அவர் அரசை எதிர்த்து ஆயுதத்துக்கு அழைத்தவர் என்பது இடைஞ்சல். இடதுசாரிகளில் ஒரு பகுதியினர்க்கு அவர் ஆயுதத்தை இறக்கச் சொன்னது இன்னும் உறுத்தல். எனவே எல்லோருமாகச் சேர்ந்து அவரை ஒரு வாக்கு எண்ணிக்கையாகச் சுருக்கிவிட்டனர்.

அடுத்த செப்டம்பரில் நெடுஞ்சாலையோரம் நான்காவது பெயரொன்றும் எழுதப்படலாம். அரசியல் அறிவியல் துறைகள் அதற்குள் செய்யக்கூடிய குறைந்தபட்ச வேலை ஒன்று உண்டு. ‘சனநாயக நிலைமாற்றம்’ பாடத்தின் முதல் வாரத்தில் லிஸ்பனுக்கு முன் நல்கொண்டாவை வைப்பது. சுந்தரய்யாவின் நூலையும் ரவி நாராயண ரெட்டியின் நினைவுகளையும் குஸ்ரோவின் ஆய்வையும் சுந்தர்லால் அறிக்கையையும் ஒரே மேசையில் வைத்து மாணவரை வாதிடச் செய்வது. சுகம் அச்சாலு யார் என்று தேடி எழுதும் முதல் ஆய்வேட்டுக்கு நெறியாளராக ஒருவரேனும் முன்வருவது.